தூண்டிலின் வரலாறு நீரின் வரலாறு
சேர்வராயன் மலையிலிருந்து மேட்டூர் வரை

தூண்டிலில் புதிதாக இறங்குகிறவர் முதலில் கேட்பது, எந்தக் கோல் வாங்கலாம், எந்த ரீல் நல்லது என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த நீரில் போடப் போகிறோம்? முன்பெல்லாம் இந்த இரண்டாவது கேள்வியை யாரும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் கிடைத்த கோல் ஊர் நீருக்கு ஏற்றதாகவே இருந்தது. இன்று மிச்சிகன் ஏரிக்காகச் செய்த டவுன்ரிக்கர் கோலையும், ஓடிய நரம்பை அடிக்கணக்கில் எண்ணிக் காட்டும் ரீலையும் ஏற்காட்டில் உட்கார்ந்தபடியே வரவழைத்துவிடலாம். கருவி எங்கும் போய்ச் சேருகிறது. அது பிறந்த நீர் கூட வருவதில்லை. தூண்டில் கருவிகளின் வரலாறு உண்மையில் நீரின் வரலாறுதான் என்பதும், அந்த வரலாறு தெரிந்தவருக்குத் தேர்வு எளிது என்பதும் இக்கட்டுரையின் வாதம். அதற்கான சான்றுகள் சேர்வராயன் மலையிலும், அதன் ஓடைகள் சென்று சேரும் காவிரியிலும் ஏராளமாக இருக்கின்றன.

முதலில் டவுன்ரிக்கரையே எடுத்துக்கொள்வோம். படகு மெதுவாக ஓட, அதன் பின்னால் இரையை இழுத்துச் செல்வது ட்ரோலிங். நம் கடற்கரையில் கட்டுமரம் பாய்விரித்து ஓடும்போது பின்னால் தூண்டிலை இழுத்துவந்து வஞ்சிரம் பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மேல்மட்டத்தில் மீன் இல்லாமல், நூறடி ஆழத்தில் மட்டும் இருந்தால் என்ன செய்வது? நரம்பிலேயே பெரிய ஈயத்தைக் கட்டினால், சிக்கிய மீனோடு ஈயத்தையும் சேர்த்து இழுக்க வேண்டிவரும். டவுன்ரிக்கர் அந்தப் பாரத்தைத் தூண்டிலிலிருந்து பிரித்தது. நான்கைந்து கிலோ ஈயக்குண்டு தனிக் கம்பியில் இறங்கும். தூண்டில் நரம்பு அதில் ஒரு கவ்வியால் பிடிக்கப்பட்டிருக்கும். மீன் கடித்ததும் கவ்வி விட்டுவிடும். பிறகு கோலுக்கும் மீனுக்கும் இடையே வெறும் நரம்புதான். இந்த ஏற்பாட்டின் பழைய, எளிய வடிவங்கள் முன்பே இருந்தன. ஆனால் அது பெரிதாகப் பரவியது 1960களின் பிற்பகுதியில், வட அமெரிக்கப் பேரேரிகளில். அதற்கும் ஒரு நீர்க் காரணம் இருக்கிறது. கால்வாய்கள் வழியே கடலிலிருந்து ஏறிவந்த லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணி ஏரி டிரவுட்டை ஏறக்குறைய அழித்தது. தின்ன ஆளில்லாமல் ஏல்வைஃப் என்னும் சிறுமீன் பெருகிக் கரையெல்லாம் செத்து ஒதுங்கியது. 1966-இல் மிச்சிகன் மாநில மீன்வளத் துறையின் ஹோவர்டு டேனர், பசிபிக் கரையைச் சேர்ந்த கோஹோ சால்மனை அங்கே விடச் செய்தார். சால்மன் 12 டிகிரி செல்சியஸ் அளவுள்ள குளிர்நீரை நாடுவது. கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகும்போது அது கீழே இறங்கிவிடும். அந்தக் குளிர் அடுக்கை எட்டுவதற்காகவே கம்பியும் குண்டும் கவ்வியும் சேர்ந்து ஒரு தொழிலாக வளர்ந்தன. ஆழம், குளிர், அடுக்கு, நாள் முழுக்கப் படகோட்டும் பரப்பு ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில்தான் அந்தக் கருவிக்குப் பொருள் உண்டு.

சேர்வராயன் மலையின் நீர் வேறு வகை. மலையின் உச்சி 1,600 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. இங்கே பிறக்கும் சரபங்கா நதியும் திருமணிமுத்தாறும் காவிரியைச் சேர்கின்றன. வடக்கே இறங்கும் வாணியாறு தென்பெண்ணையை நோக்கிப் போகிறது. எல்லாமே மழையில் பெருகி, கோடையில் மெலியும் ஓடைகள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாக விழுகிறது. அதுவும் மழைக்காலத்துக் காட்சிதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பேரிக்காய் போன்ற பழமரங்களையும் நட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகான இருநூறு ஆண்டு வரலாறு பெரும்பாலும் தோட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. நீரின் வரலாறு அதன் நிழலில் இருக்கிறது. இத்தகைய ஓடைகளுக்கும் அடிவார ஏரிகளுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் கண்ட கருவிகள் அந்த நீரின் அளவிலேயே இருந்தன: வற்றும் குளத்தில் அழுத்திப் பிடிக்க ஊத்தா, மதகடியில் வைக்கக் கூடை, விரித்த நீரில் வீச வலை, கரையோரத்தில் மூங்கில் கழியும் தக்கையும் மண்புழுவும். இவற்றில் எதுவும் நூறடி ஆழத்தைத் தேடவில்லை. தேட வேண்டிய தேவையே இல்லை.

பிரிட்டிஷ் அதிகாரிகள் இங்கிலாந்திலிருந்து தூண்டிலோடு வந்தபோதுதான் கருவிக்கும் நீருக்கும் முதல் பெரிய மோதல் நிகழ்ந்தது. அதை மிக நேர்மையாகப் பதிவு செய்தவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த அவர் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' நூலையும், 1887-இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே 'டேங்க் ஆங்கிளிங் இன் இந்தியா' நூலையும் எழுதினார். இரண்டு நூல்கள் தேவைப்பட்டதே ஒரு சான்று. ஆற்று மீனான மகசீருக்கும் குளத்துக் கெண்டைக்கும் ஒரே கோல், ஒரே முள், ஒரே இரை போதும் என்றால் இரண்டாவது நூலுக்கு வேலை இருந்திருக்காது. மகசீருக்கு வாயில் பல் இல்லை, தொண்டையில்தான் பல். நத்தையையும் நண்டையும் நொறுக்கும் பலம் அதற்கு உண்டு. இங்கிலாந்தின் சால்மனுக்குச் செய்த மெல்லிய முள் அந்த நொறுக்கலைத் தாங்காது. ஆகவே இந்திய ஆற்றுக்குத் தடித்த, உறுதியான முள்ளும், பாறை நடுவே நூறு கஜம் ஓடும் மீனுக்கு ஈடுகொடுக்கும் அளவு நூல் கொள்ளும் ரீலும் தேவைப்பட்டன. அதே ஆண்டுகளில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே இந்தியாவின் நன்னீர் மீன்வளம் பற்றித் தன் அறிக்கையை எழுதினார். சிறு கண்ணி வலைகளால் குஞ்சுகள் அள்ளப்படுவதையும், அணைகள் மீனின் ஏற்றத்தைத் தடுப்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். 1897-இன் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் விஷத்தையும் தடைசெய்ததற்கு இப்படிப்பட்ட குரல்கள் அடித்தளம் போட்டன. கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் நீரைக் காப்பதைப் பற்றிப் பேசி முடித்ததை இங்கே கவனிக்க வேண்டும்.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து, அறுகோணமாக ஒட்டிச் செய்த கோல்கள் பெயர் பெற்றன. அவற்றின் மூலப்பொருள் கல்கத்தா துறைமுகத்திலிருந்து போன மூங்கில். பெரும்பாலும் அது தாவர நூலார் டெண்ட்ரோகலாமஸ் ஸ்டிரிக்டஸ் என்று அழைக்கும் கல்மூங்கில். நம் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகளில் விளைவதும் இதே இனம்தான். உள்ளே ஏறக்குறைய கெட்டியாக, அடியில் பருத்து நுனியில் மெலிந்து வளரும் இந்த மூங்கில் பிளக்காமலே நல்ல தூண்டில் கழியாகும். சேலம் பக்கத்துக் குளக்கரையில் ஒரு சிறுவன் வெட்டிக்கொண்ட கழியும், நியூயார்க் செல்வந்தர் பெரும் விலை கொடுத்து வாங்கிய கோலும் ஒரே இனத்துப் புல்லிலிருந்து வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் டோன்கின் மூங்கில் வந்து கல்கத்தா மூங்கிலை அந்தச் சந்தையிலிருந்து வெளியேற்றியது. அதன் கணு நேராகவும் நார் நெருக்கமாகவும் இருந்ததே காரணம். வீசி எறியும் மெல்லிய கோலுக்கு அது சிறந்தது. ஆனால் கரையில் நின்று தக்கையை நீட்டிப் போடும் குளத்துத் தூண்டிலுக்குக் கல்மூங்கில் எதிலும் குறைந்துவிடவில்லை. வேலை எங்கே மாறியதோ அங்கே மட்டும் பொருளும் மாறியது.

கருவியை மாற்றுவதற்குப் பதிலாக மீனையே மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. மலைநீரில் டிரவுட் வளர்த்துவிட்டால் இங்கிலாந்துக் கோலை அப்படியே பயன்படுத்தலாம் அல்லவா? 1860களில் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. நீலகிரியில் ஹெச். சி. வில்சனின் முயற்சியால், 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த காலத்தில்தான் வானவில் டிரவுட் காலூன்றியது. அங்கே ஓடைகள் 2,000 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் ஓடுகின்றன. நீர் ஆண்டு முழுவதும் குளிர்ச்சியாக இருக்கிறது. சேர்வராயன் மலைக்கு அந்த உயரமும் இல்லை, கோடையில் வற்றாத குளிர் ஓடையும் இல்லை. ஆகவே டிரவுட் மரபு நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் வேர்விட்டது, ஏற்காட்டில் விடவில்லை. மலை ஏரிகளுக்குப் பொருந்தி வந்தது இன்னொரு விருந்தாளி. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த கண்ணாடிக் கெண்டை, தேங்கிய மலைநீரில் சேற்றைக் கிளறி மேய்ந்து பெருகியது. அதன் பின்னால் 1950களில் வந்த சாதாக் கெண்டையும் திலேப்பியாவும் தமிழ்நாட்டின் தேங்குநீர் எங்கும் பரவின. டிரவுட்டுக்கான ஈத்தூண்டிலை இந்த மீன்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தரையில் கிடக்கும் மாவுருண்டையையும் புழுவையும் நிதானமாக உறிஞ்சுவதே அவற்றின் பழக்கம். மீனை மாற்றியவர்கள் தம் கோலைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தார்கள். வந்து நிலைத்த மீனோ மறுபடி தக்கைக் கழியையே கேட்டது.

மலையை விட்டு மேற்கே இறங்கினால் காவிரி. இங்கே கூன்முதுகு மகசீர் என்னும் பெருமீன் வாழ்ந்தது. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. இப்படிப்பட்ட மீனுக்கான ஆற்றுக் கருவி ட்ரோலிங்குக்கு நேரெதிரானது. ஆற்றில் படகு என்பது பரிசல். வட்டமான பரிசல் நீரோட்டத்தில் சுழலும், பாறையில் மோதினாலும் தாங்கும், ஆழமில்லாத இடத்திலும் மிதக்கும். ஆனால் ஒரே திசையில், ஒரே வேகத்தில் இரையை இழுத்துச் செல்ல அதற்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. ஆகவே இங்கே வளர்ந்த முறை, கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டிய இரையை நீரோட்டத்தில் போட்டுக் காத்திருப்பதும், மீன் பாறைக்குள் புகுந்தால் பரிசலில் பின்தொடர்ந்து போய் நரம்பை விடுவிப்பதும்தான். கோலைப் பிடித்தவர் பெயர் பதிவேட்டில் நின்றது. ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் அறிந்து பரிசலைத் தள்ளியவர்கள், இரையைப் பக்குவமாக உருட்டியவர்கள் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. ஆனால் அந்த முறையின் உயிர் அவர்களுடைய அறிவில்தான் இருந்தது.

இதற்கிடையே ஆறே மாறியது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, பாறையும் மடுவுமாக ஓடிய காவிரியை ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்னும் பெரும் ஏரியாக்கியது. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் வரத்து அணைக்குப் பிறகு நலிந்தது. ஓடும் நீரையும் கூழாங்கல் தரையையும் நம்பிய மகசீர் தேக்கத்தில் பின்வாங்கியது. கட்லா போன்ற வடநாட்டுக் கெண்டைகள் விடப்பட்டு அதன் இடத்தைப் பிடித்தன. கூன்முதுகு மகசீர் இன்று உலக அளவில் மிக அருகிவிட்ட இனம். 2018-இல்தான் அதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானது. பரிசல் மட்டும் நிலைத்தது, வேலை மாறி நிலைத்தது: முன்பு ஆற்று ஓட்டத்தைக் கடந்த அதே பரிசலில் இருந்து இன்று மீனவர்கள் தேங்கிய நீரில் செவுள்வலை விரிக்கிறார்கள். ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நீர் மாறியது, மீன் மாறியது, கருவி மாறியது. இந்த வரிசையில் முதலில் மாறியது நீர்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி; அப்படியானால் டவுன்ரிக்கருக்கு ஏற்ற ஆழம் இங்கே இருக்கிறதே? ஆழம் இருக்கிறது, ஆனால் அந்த ஆழத்தைத் தேடிப் போகும் மீன் இல்லை. பேரேரியில் சால்மன் கீழே போவதற்குக் காரணம் மேலே சூடு, கீழே குளிரும் பிராணவாயுவும். வெப்பமண்டலத் தேக்கங்களில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள வெப்ப வேறுபாடு சில டிகிரிகள்தான். அடியாழத்தில் பிராணவாயுவும் குறைந்துவிடுவது வழக்கம். கட்லா மேல்மட்டத்து மிதவை உயிர்களை வடித்துத் தின்பது. துரத்திப்போய் தகட்டிரையைக் கவ்வுவதல்ல. போதாததற்கு, பாசனத்துக்காகத் திறந்து மூடும் தேக்கத்தில் நீர்மட்டம் ஆண்டுக்குள்ளேயே பல பத்தடிகள் ஏறி இறங்கும். நீர் வற்றும்போது மூழ்கிய பழங்கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும் ஊர் அது. அத்தகைய தரைக்கு மேல், செவுள்வலைகள் குறுக்கே நிற்கும் நீரில், நான்கு கிலோ குண்டைக் கம்பியில் இழுத்துச் செல்வது மீனவரின் பிழைப்பைக் கிழிப்பதாகவும் முடியும். ஆழம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படித் தவறும் என்பதற்கு மேட்டூரே தெளிவான எடுத்துக்காட்டு.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. கருவி மாறியதற்கு நீர் காரணமல்ல, தொழிற்சாலைதான் காரணம் என்று ஒருவர் சொல்லலாம். 1905-இல் இல்லிங்வொர்த் என்பவர், நூற்பாலைக் கதிரிலிருந்து நூல் கழலும் விதத்தைப் பார்த்து, உருளை அசையாமல் நிற்கும் ரீலை உருவாக்கினார். 1930களின் இறுதியில் நைலான் வந்தது. போருக்குப் பின் கண்ணாடி இழைக் கோலும், 1970களில் கார்பன் கோலும் வந்தன. இவை எந்த ஆற்றையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. உண்மைதான். தொழிற்சாலை இல்லாவிட்டால் இன்று எளியவர் கையில் தங்கூஸ் நரம்பு இருந்திருக்காது. ஆனால் தொழிற்சாலை தருவது வாய்ப்பு. அதில் எது நிலைக்கும் என்பதை முடிவு செய்வது நீர். நைலான் எங்கும் நிலைத்தது, ஏனென்றால் எளிதில் அறாத, அழுகாத நரம்பை எல்லா நீரும் ஏற்கும். அசையா உருளை ரீல் குளத்திலும் ஏரியிலும் நிலைத்தது, ஏனென்றால் லேசான இரையைத் தூரம் எறிய அது உதவியது. டவுன்ரிக்கர் அரை நூற்றாண்டாக விற்பனையில் இருந்தும் காவிரிக் கரையில் கால்பதிக்கவில்லை. விளம்பரக் குறைவால் அப்படி ஆகவில்லை. அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததோ, அந்தக் கேள்வியை இந்த நீர் கேட்கவே இல்லை.

மூன்றாவதாக, தூண்டில் விளையாட்டே துரைமார் விட்டுச்சென்ற பழக்கம், அதன் வரலாறு மலையில் வாழ்கிறவர்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பதிவேடுகள் துரைமாருடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பதிவேடுகளை ஊன்றிப் படித்தால் தெரிவது, அவர்கள் வெற்றி பெற்ற இடமெல்லாம் உள்ளூர் நீரறிவுக்குச் செவிசாய்த்த இடம் என்பதே. தோற்ற இடமெல்லாம் சொந்த ஊர் நீரை இங்கே தேடிய இடம். கல்மூங்கில் கழி, தக்கை, மண்புழு என்ற ஏழைத் தூண்டிலை அறியாமையின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. இந்த மலையின் நீருக்கு இருநூறு ஆண்டுகளில் வந்த எல்லாக் கருவிகளையும் நிறுத்துப் பார்த்தால், மிகப் பொருத்தமானவற்றுள் ஒன்றாக நிற்பது அந்த ஏழைத் தூண்டில்தான். அதை மதிக்கக் கற்பதும் வரலாற்றுப் பாடம்.

இந்த வரலாற்றிலிருந்து புதியவருக்கு ஒரு நேரடி வழி கிடைக்கிறது. ஏற்காடு ஏரி போன்ற சிறிய மலை ஏரியிலோ, வாணியாறு அணை போன்ற அடிவாரத் தேக்கத்திலோ முறையான அனுமதியோடு தூண்டில் போட விரும்புகிறவருக்கு ஆறேழு அடி நீளமுள்ள நடுத்தர வளைவுக் கோல், அசையா உருளையுள்ள சிறிய ரீல், எட்டு முதல் பத்து பவுண்டு தாங்கும் தங்கூஸ், ஒரு தக்கை, இரண்டு சிறு ஈயமணி, கெண்டை வாய்க்கு ஏற்ற சிறு முள் போதும். ரீலின் டிராக்கை, மீன் இழுத்தால் நரம்பு அறுவதற்கு முன் வழுகும் அளவுக்குத் தளர்த்திவைக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. டவுன்ரிக்கர் ட்ரோலிங்தான் கற்க வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் அதற்குரிய குளிர்ந்த, ஆழமான, பரந்த நீருக்குப் போகட்டும். அங்கே எட்டு, எட்டரை அடி நீளத்தில், குண்டின் இழுப்பில் வில்லாக வளைந்தே நிற்கக்கூடிய மென்மையான கோலும், நரம்பை எண்ணும் கருவி பொருந்திய மல்டிப்ளையர் ரீலும், 15 முதல் 20 பவுண்டு நைலானும் சரியான தொடக்கம். கவ்வி விட்டதும் தொய்வை உடனே நிமிர்த்தி முள்ளை இறுக்குவது அந்த வளைவுதான். அதனால்தான் விறைப்பான கோல் அங்கே உதவாது. அதே கோலை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தால், எறிவதற்குக் கனமாகவும் சிறு கெண்டையின் கடியை உணர்த்தாததாகவும் கையில் கிடக்கும்.

கருவியைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. மிச்சிகன் ஏரியின் குண்டும் கம்பியும், கபினி மகசீரின் பெரிய ரீலும், குளக்கரைக் கல்மூங்கிலும் தத்தம் நீரை உற்றுநோக்கிய மனிதர்களின் அறிவு. அந்த அறிவைக் கடன் வாங்கலாம், அதன் நீரைக் கடன் வாங்க முடியாது. வாங்கும் முன் நீரைப் பார்க்கத் தொடங்கும் ஒருவர் அதன் ஆழம், வெப்பம், மீன், அது எப்போது வற்றும், யார் அதில் பிழைக்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்கத் தொடங்குகிறார். தாமஸும் டேயும் கருவியில் தொடங்கி நீரைக் காப்பதில் முடித்ததும் இந்தக் கேள்விகளால்தான். உல்லத்தை இழந்து, மகசீரை இழக்கும் நிலைக்கு வந்துவிட்ட நமக்கு, நீரைக் கேள்வி கேட்கும் பழக்கமுள்ள மனிதர்கள் பெருக வேண்டும். முதல் கோலைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது அந்தப் பழக்கத்துக்கு நல்ல பயிற்சி.